நீங்கள் ஊதாத விசில்

அப்லா,

போன வியாழக்கிழமை பள்ளியில் எங்கள் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் கால்பந்து ஆட்டம். ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. யாரோ ஓடிவந்து வலி ஸ்பிரே அடித்தார்கள். கற்பூரம் கலந்த அந்தக் குளிர்ந்த நெடி மூக்கில் ஏறியதும் நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மற்றவர்களுக்கு அது மைதானத்து வாசனை. எனக்கு அது உங்கள் இடது முழங்கால்.

நீங்கள் இறந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மாவின் போனுக்கு உங்கள் கணவர் மூன்று வரி அனுப்பியிருந்தார். இதயம், தூக்கத்தில், வலி இல்லை. அவ்வளவுதான். இந்த வளைகுடா ஊரில், ருவைஸில், யாரும் சாவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கான்ட்ராக்ட் முடியும், வழியனுப்பும் பிரியாணி போடுவார்கள், பெட்டியை எடை பார்ப்பார்கள், போவார்கள். சாவதெல்லாம் அவரவர் ஊரில். நமக்கு வருவது மெசேஜ் மட்டும். பதினேழு வயதுக்குள் எனக்கு இது அலுத்துவிட்டது. அழுகை எமோஜி போடுவதற்குக்கூட விரல் வரவில்லை.

முதலில் உங்களைப் பார்த்தது அம்மா நர்ஸாக இருக்கும் கிளினிக்கில். முழங்கால் வீங்கி வந்திருந்தீர்கள். "விளையாட்டு வீராங்கனையா?" என்று அம்மா கேட்டார். "இல்லை சிஸ்டர். விளையாடுகிறவர்களின் சந்தோஷத்தைக் கெடுப்பவள். ரெஃப்ரி" என்றீர்கள். ஆன்ட்டி என்று கூப்பிட்ட என்னிடம், உங்கள் துருக்கியில் அப்லா என்றால் அக்கா, அப்படிக் கூப்பிடு என்றீர்கள். நான் அன்றைக்கே அதை அப்பளம் ஆக்கிவிட்டேன். அடுத்த வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் நிஜ அப்பளத்தைக் காட்டி, "இதுதான் நீங்கள்" என்றேன். எடுத்துக் கடித்துவிட்டு, "நல்ல சத்தம். ரெஃப்ரிக்குப் பொருத்தம்தான்" என்றீர்கள். கிண்டல் பண்ணினால் கோபப்படுகிறவர்களிடம்தான் எனக்குக் கிண்டல் வரும். உங்களிடம் அது செல்லவே இல்லை.

உங்கள் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னீர்கள். கருங்கடல் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். வாரநாட்களில் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் லீக்கில் நடுவர். முதல் ஆட்டத்தில் ஒருவன் தண்ணீர் பிடித்து வரச் சொல்லி உங்களிடம் காலி பாட்டிலை நீட்டினான். நீங்கள் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நடு வட்டத்துக்கு நடந்தீர்கள். பத்தாவது நிமிடம் அவனுக்கே மஞ்சள் அட்டை. அப்படியே படிப்படியாக ஏறி, மேல் டிவிஷன் கைக்கு எட்டும் சமயத்தில் உங்கள் கணவருக்கு இங்கே ரிஃபைனரி வேலை கிடைத்தது. "தமாம் என்றேன்" என்றீர்கள். தமாம் என்றால் சரி. நீங்கள் சொல்லும்போது அதில் சரி பாதிதான் இருந்தது.

இங்கே வந்து மறுபடியும் அடியிலிருந்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம், கம்பெனி டீம்கள், அனல் ஆறாத தரை. லேபர் கேம்ப்பிலிருந்து வந்த எங்கள் ஊர் ஆட்கள் உங்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் திட்டுவார்கள். அதனால் நான் ஒரு தொழில் தொடங்கினேன். பதினேழு கெட்ட வார்த்தைகள், ஆங்கில உச்சரிப்போடு, ஒரு தாளில். கூலியாக உங்கள் பழைய விசில். அடுத்த வாரமே சாரம் கட்டும் டீமின் செல்வம் அண்ணன் ஒன்பதாம் நம்பர் வார்த்தையைச் சொன்னார், அட்டை வாங்கினார்.

"ஏப்பா, இந்த அம்மாவுக்கு ராமநாதபுரத்துல சொந்தக்காரங்க இருக்காகளா?" என்று அவர் விழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "ரேஷன் கார்டுதான் ஊர்ல கெடக்கு, மஞ்சள் கார்டாவது இங்க கிடைச்சுதே அண்ணே" என்றேன். துரத்திக்கொண்டு வந்தார்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுவீர்கள். பால் இல்லாத டீ, பக்கத்தில் ஸ்பெல்லிங் சொல்ல நான். செல்வம் அண்ணன் சொன்ன வார்த்தையைக் கொஞ்சம் மசாலா சேர்த்து எழுதலாம் என்றபோது பேனாவை மூடினீர்கள். "நான் பார்த்ததும் கேட்டதும் மட்டும். ரெஃப்ரியிடம் வேறு என்ன இருக்கிறது?"

இனி அந்த வெள்ளிக்கிழமை. எனக்குப் பதினான்கு வயது. உங்களைப் பார்க்க அபுதாபியிலிருந்து நடுவர்களுக்கு மதிப்பெண் போடுகிறவர் வந்திருந்தார். தேறினால் பெரிய போட்டிகளுக்கான நடுவர் பட்டியல். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், அதனால் இதுதான் கடைசி வாய்ப்பு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தீர்கள். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நல்ல எண்ணமும் இல்லையே.

அப்பாவின் மெயின்டனன்ஸ் டீமுக்கும் செல்வம் அண்ணன் டீமுக்கும் அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்களில் அப்பாவின் ஆட்கள் கோலை நெருங்க, பந்து செல்வம் அண்ணன் காலடிக்கு வந்தது. அவரைத் திடுக்கிட வைக்கலாம் என்று, உங்களைப் போலவே, குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று ஊதினேன். அவர் ஆஃப்சைடு கொடுத்தாயிற்று என்று நினைத்து, தன் கோல் பெட்டிக்குள்ளேயே குனிந்து பந்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"பெனால்டி! பெனால்டி!" என்று அப்பா டீம் முழுக்க உங்களைச் சூழ்ந்தது. "நான் ஊதவில்லை, அது வெளியிலிருந்து வந்த விசில்" என்று நீங்கள் மறுத்தீர்கள். வெளியிலிருந்து வந்த விசிலால் ஆட்டம் தடைபட்டால் பந்தைக் கோல்கீப்பரிடம் கொடுத்து மறுபடி தொடங்க வேண்டும். அதுதான் சட்டம். அதைத்தான் செய்தீர்கள். அடுத்து ஒரு கோல் வாங்கி அப்பா டீம் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் அபுதாபிக்காரர் மைதானத்துக்குள் வந்தார். செல்வம் அண்ணன் சத்தியம் பண்ணினார்: "சாப், விசில் இவங்கதான் ஊதுனாங்க. இவங்க ஊதுற மாதிரியேதான் இருந்துச்சு." அப்பா கத்தினார்: "ஊதீட்டு ஊதலங்காங்க பாருங்க! இதெல்லாம் ஒரு நியாயமா?"

"வெளியிலிருந்து என்றால், யார்?" என்று அவர் உங்களைக் கேட்டார்.

நீங்கள் கேலரியைப் பார்த்தீர்கள். அங்கே உட்கார்ந்திருந்த முப்பது பேரில் நேராக என்னை. விசில் என் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்தது. இரண்டு நொடி இருக்கும். திரும்பி, "நான் பார்க்கவில்லை" என்றீர்கள்.

நான் எழுந்து நின்றிருக்கலாம். வாயைத் திறந்தால் மூடாதவள் என்று பெயர் எடுத்தவள், அன்றைக்கு மட்டும் மூடிக்கொண்டேன். அந்த ரிப்போர்ட்டுக்கு என்னிடம் ஸ்பெல்லிங் கேட்க நீங்கள் வரவில்லை. தவறாக ஊதிவிட்டுப் பொய் சொன்னதாக உங்கள் மேல் போன புகார்க் கடிதத்தில் முதல் கையெழுத்து அப்பாவுடையது. பட்டியலில் உங்கள் பெயர் வரவில்லை. பிறகும் வெள்ளிக்கிழமைகளில் ஊதினீர்கள், வீட்டுக்கு வந்து டீ குடித்தீர்கள், என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஒரு வருடத்தில் கான்ட்ராக்ட் முடிந்தது. விமான நிலையத்துக்கு வண்டி ஏறும்போது என் காதைத் திருகி, "ஸ்பெல்லிங்கை விட்டுவிடாதே" என்றீர்கள். நீங்கள் பார்க்கவே இல்லை என்று நம்பிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை அந்த ஸ்பிரே வாசனையோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அவளுக்குத் தெரியும் மக்ளே. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கிளினிக்ல வச்சு எங்கிட்ட சொன்னா."

"பின்ன ஏம்மா அன்னைக்குச் சொல்லல?"

"கம்பெனி ஆளுவ அம்புட்டு பேரும் நிக்கிற எடத்துல, இன்னார் மவதான் ஊதினான்னு சொன்னா என்ன ஆவும்? ஒங்கப்பாவக் கூப்பிட்டு விசாரிப்பாவ. வீடும் கம்பெனி வீடு, விசாவும் கம்பெனி விசா. அவளும் அதுலதான இருந்தா, அவளுக்குத் தெரியாதா?"

"நீயாவது எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தா அவ. பிள்ளையக் கேக்காத சிஸ்டர்னு சத்தியம் வாங்கிட்டுப் போனா."

ஆக, அத்தனை வருட ரிப்போர்ட்டுகளில் ஒரே ஒரு பொய் வரி. அதில் இருக்க வேண்டிய பெயர் என்னுடையது. இதை வைத்து ஒரு ஜோக் பண்ண மூன்று நாளாக முயல்கிறேன். வரவில்லை.

அப்பா இன்றைக்கும் டிவியில் யாராவது நடுவர் தவறு செய்தால், "அந்தத் துருக்கிக்காரி மாதிரி பொய் சொல்றான்" என்பார். உங்கள் மரணச் செய்தி வந்த அன்றுகூட, "பாவம்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "ஆனா அன்னைக்கு ஊதினது அவங்கதான்" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அபுதாபிக்காரர் யாரென்று தெரியாது. பட்டியலைத் திருத்தவும் முடியாது. திருத்தினாலும் ஓட நீங்கள் இல்லை. என் கைக்கு எட்டுகிற தூரத்தில் உங்களைப் பொய்க்காரி என்று நம்பிக்கொண்டிருப்பவர் ஒருவர்தான். அவருக்கு இன்று பகல் டூட்டி. ஷிஃப்ட் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. "நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு" என்று அம்மா டீ வைக்கப் போய்விட்டார்.

முதலில் திட்டுவார். அப்புறம் புகார்க் கடிதத்தில் தான் போட்ட முதல் கையெழுத்து அவருக்கு ஞாபகம் வரும். அதுதான் கஷ்டம். பூட்ஸைக் கழற்றிவிட்டு அவர் உட்காரட்டும், அப்லா. உட்கார்ந்ததும் சொல்லிவிடுகிறேன்.