அப்பா இரண்டாம் ஆண்டு படிக்கிறார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், என் தையல் மெஷின் சுகம், அத்தை முழங்காலைத் தவிர மற்றபடி சுகம். அப்பா சுகமா என்று நீ கேட்கமாட்டாய், நாலு வருஷமாகக் கேட்டதில்லை, இருந்தாலும் நான் சொல்லத்தான் போகிறேன், இந்தக் கடிதமே அதற்குத்தான். போனில் சொல்லலாம் என்றால் நீ இரண்டாவது வார்த்தையிலேயே அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். அந்தக் குளிர்க் கிடங்கில் நின்றுகொண்டு படிக்காதே, அறைக்குப் போய் ஈரக் காலுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து படி. உட்கார்ந்துவிட்டாயா? உன் அப்பா கல்லூரியில் சேர்ந்துவிட்டார்.

இரு, சிரிக்காதே, முதலிலிருந்து சொல்கிறேன். நீ பிறந்த வாரமே அப்பா உன் பேரில் ஒரு கல்விச் சேமிப்புத் திட்டம் போட்டாரே, சம்பளம் வாங்கினதும் முதல் வேலையாக அதில் கட்டிவிட்டு வந்து, பையன் இன்னிக்கு ஒரு மாடி ஏறிட்டான் என்பாரே, அதேதான். நீ இரண்டாம் ஆண்டைப் பாதியில் விட்டுப் போனதால் இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் முழுசாக மீதி இருக்கிறது என்பது அந்தத் திட்டக்காரர்கள் கணக்கு. போன வருஷம் அவர்களிடமிருந்து ஒரு தபால் வந்தது, படிக்க யாரும் வராவிட்டால் அந்த இடம் காலாவதியாகிவிடும் என்று. லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நன்றாக இருக்கிற கதவுக் கீல்களையெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த மனுஷன் அதைப் படித்துவிட்டுக் குதிகுதி என்று குதித்தார். நான் துணி திருத்துகிற சலவைக் கடைக்கு மேல்மாடியில் ஆலோசகர் அம்மா ஒருத்தி சனிக்கிழமைதோறும் குடும்பங்களைக் கூட்டி வைத்து, பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு எப்படித் திட்டம் போடுவது என்று சொல்லிக்கொடுக்கிறாள். கைக்குழந்தையோடு வந்திருந்த ஜோடிகளுக்கு நடுவில் இவர் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. பணத்தைத் திருப்பித் தர விதி இல்லைங்க, ஆனா உங்க குடும்பத்துல பட்டம் வாங்காத யார் வேணும்னாலும் அந்த இடத்துல வந்து படிக்கலாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்தாளாம்.

வீட்டுக்கு வந்து முதலில் என்னைப் பிடித்தார். அறுபது பேன்ட்டுக்கு ஓரம் மடிக்கணும், வேற ஆளைப் பாருங்க என்றேன். அத்தையைக் கேட்டார், அவள் அந்தக் கல்லூரியில் எத்தனை மாடி என்று கேட்டாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் போய்த் தன் பேரையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். முதலாம் ஆண்டை நீ படித்து முடித்துவிட்டாய், அதனால் குடும்பத்துக்கு இனி முதலாம் ஆண்டு கிடையாதாம், அறுபத்தோரு வயசில் நேரே இரண்டாம் ஆண்டு. இதில் இன்னொரு கூத்து. படிக்கிறவருக்கு ஒரு பாதுகாவலர் வேண்டுமாம், அவர் ஒரு வருஷமாவது கல்லூரியில் படித்த குடும்ப உறுப்பினராக இருக்க வேண்டுமாம், அப்போதுதான் வழி தெரியுமாம். நம் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது நீ ஒருத்தன். உன் பேரையும் உன் பழைய போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டார், கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று கல்லூரி எழுத்தரும் விட்டுவிட்டார். ஆக, உன் அப்பாவுக்கு ஏழு மாசமாக நீதான் பாதுகாவலர்.

உன் பழைய போன் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை அதற்கு சார்ஜ் போடுகிறேன், ஏன் என்று கேட்காதே, யாராவது உன்னைத் தேடி அழைத்தால் நான் எடுத்துப் பேசலாமே என்று ஒரு நப்பாசை. இத்தனை வருஷம் வாய் திறக்காமல் கிடந்த போன் ஒருநாள் கீங் என்றது. கல்லூரியிலிருந்து செய்தி, தங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் ஏழரைக்கே புதுப் பையை மாட்டிக்கொண்டு போன மனுஷன் எங்கே சுற்றுகிறார் என்று சாயங்காலம் பிடித்து உலுக்கினேன். நடந்தது என்ன தெரியுமா, பைக்குள் பழக்கதோஷத்தில் ஸ்பேனரையும் வைத்துக்கொண்டு போயிருக்கிறார், வாசல் காவலாளி அதைப் பார்த்துவிட்டு, வாங்கண்ணே, மூணு வாரமா லிஃப்ட் நின்னுபோச்சு என்று கையோடு கூட்டிப் போய்விட்டான். இவரும் நான் மாணவன்ப்பா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? லிஃப்டைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சாம். அந்த வாரம் ஐந்து நாளும் இதே கதை. லிஃப்ட் ஓடுகிறது, வருகைப் பதிவு பூஜ்யம்.

அப்புறம் ஒருவழியாக வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்தார். கூடப் படிக்கிற பிள்ளைகள் முதலில் அங்கிள் என்றார்கள், இப்போது லிஃப்ட்டு என்கிறார்கள், அதுவும் நம் வீட்டுக் கூடத்தில் என் எதிரிலேயே. வாரத்தில் மூன்று நாள் நாலு பேர் வந்து உட்கார்ந்துகொண்டு டீ குடிக்கிறார்கள், அவர்களுக்குக் காதல் தோல்வி என்றால் இவர் வாட்டமாக இருக்கிறார். மாணவர் சலுகை என்று முடிவெட்டுகிற கடையில் போய் அட்டையை நீட்டினாராம், கடைக்காரர் தலையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி தலையைப் பார்த்துவிட்டு, இதுக்குச் சலுகை தர்றதுக்கு இதுல என்னங்க மிச்சம் இருக்கு என்றாராம். பெற்றோர் கூட்டத்துக்கு உனக்குப் பதிலாக நான்தான் போனேன். ஆசிரியை சின்னப் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயசு பெரியவளாக இருக்கலாம். வகுப்புல நல்லா வாயடிக்கிறாரும்மா, எழுதச் சொன்னாத்தான் ஜன்னலைப் பார்க்கிறார் என்றாள். பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார் உன் அப்பா. உன்னைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இதுவரைக்கும் சிரிப்பு. போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பேன்ட் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன், சமையலறை வாசலில் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் நீ நின்றாயே, அதே இடம், அதே நிற்பு. பேன்ட்டைக் கீழே வைத்தேன். என்னங்க என்றேன். ஒரு தாளை நீட்டினார். கணிதம் இரண்டாம் தாள், நூற்றுக்குப் பதினாலு. மறுபரீட்சைக்குப் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். அன்றைக்கு நீ இதே தாளில் பத்தொன்பது வாங்கி வந்தபோது, இதுல கையெழுத்துப் போட என் கை இன்னும் அவ்வளவு கீழ இறங்கலடா என்று உன் மூஞ்சிமேல் விட்டெறிந்தார், நீயும் மறுபரீட்சை எழுதாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய், நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது, அதை அவர் தலையில் போட மாட்டேன்.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. உன் அறையில் போய் உன் பழைய கணிதப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் நீ பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கிறாயே, அதையெல்லாம் விரலால் தடவித் தடவிப் படிக்கிறார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். நிமிர்ந்து பார்த்து, ஏழு மாசமா முட்டி மோதி எனக்குப் பதினாலுதான் வந்துச்சு, இவன் பத்தொன்பது வாங்கினானே, எப்படி வாங்கினான் என்றார். கிண்டலே இல்லை, நிஜமாகவே கேட்டார். அப்புறம், இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதுடி, தெரியாமலே அவனைத் திட்டித் துரத்திட்டேன் என்றார். அவருக்கு இதை உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராது, நாற்பது வருஷம் லிஃப்டோடு பேசின வாய். அதனால் நான் எழுதுகிறேன்.

மறுபரீட்சை அடுத்த மாசம் இருபதாம் தேதி, அதற்கு ஒரு வாரம் முன்னால் கையெழுத்து போய்ச் சேர வேண்டும். நீ திரும்பி வந்து படி என்று நான் சொல்லவில்லை, கிடங்கு வேலை பிடித்திருந்தால் அதையே பார், நல்ல வேலைதான், சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வை. ஆனால் உன்னிடம் எனக்குப் பொய் சொல்ல வராது. கையெழுத்தைத் தபாலில் அனுப்பினாலே போதும் என்றுதான் எழுத்தர் சொன்னார். உன் அப்பாவிடம் மட்டும், பாதுகாவலர் நேரில் வந்தால்தான் செல்லும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து தன் புத்தகங்களையெல்லாம் உன் மேசையில் ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டார், உன் அறைக் கதவுக் கீலுக்கு இரண்டு தடவை எண்ணெய் போட்டாயிற்று. தபாலா நேரிலா என்பது உன் இஷ்டம், எதுவானாலும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே.

எங்கே இருந்தாலும் கைகால் சுகத்தோடு, மனசில் பாரமில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இரண்டு காலுறை போட்டுக்கொள், பசியோடு வேலைக்குப் போகாதே. ஒன்று மறக்காதே, நீ வந்தால் அப்பா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உன் எதிரில் வந்து நிற்பார். உடனே போட்டுக் கொடுத்துவிடாதே. பத்து நிமிஷம் நிற்கட்டும். அப்புறம் போடு.

உன் வரவையோ உன் தபாலையோ பார்த்திருக்கும்
அம்மா