மூன்று வருடமா, நாலு வருடமா

தீர்த்தக்கரை, முல்லைத்தீவு
30.04.2025

அன்பு மகள் யூலிற்றாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் தங்கச்சியும் சுகம். நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நவசந்நியாசப் பயிற்சி முடியும்வரை கன்னியர் மடத்தில் போன் தரமாட்டார்கள் என்றபடியால் உன் அப்பன் இந்த வயதில் பேனா பிடிக்கப் பழகிவிட்டான். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

தங்கச்சி யதுசாவுக்கு ஏ.எல். பரீட்சை முடிவு வந்துவிட்டது. பயோவில் இரண்டு பி, ஒரு சி. பெறுபேற்றைக் கணக்குப் போட்டுத் தருகிற இசட் புள்ளி எங்கள் மாவட்டத்துக்கு நல்லது, கம்பஸ் கட்டாயம் கிடைக்கும் என்று அவளுடைய ரீச்சர் சொன்னா. நான் கரை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வலைச் சொந்தக்காரன் ரூபன் சம்மாட்டி வலை இழுத்தவர்கள் எல்லோருக்கும் பிளேன்ரீ வாங்கித் தந்தான். அன்றைக்குச் சந்தோசம். அடுத்த நாளே சண்டை.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற கைநூல் ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. தலையணை அளவு தடிப்பு. அதற்குள் எத்தனை வகைப் பட்டம்! நான் பட்டம் என்றால் ஒன்றுதான் என்று இருந்தேன், கறுப்பு அங்கி, தொப்பி, சுவரில் ஒரு படம். உன் தங்கச்சி அதற்குள் தேடித் தேடி நாட்டின் தெற்குக் கோடி மாத்தறையில் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறாள். மீனும் கடலும் படிக்கிற பட்டமாம். நாலு வருடமாம்.

"மீன் படிக்கிறதெண்டா என்ர வள்ளத்தில ஏறு பிள்ளை, நானே படிப்பிச்சு விடுறன்" என்றேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாள்.

யாழ்ப்பாணத்தில் உயிரியல் விஞ்ஞானம் மூன்று வருடத்தில் முடியுதாம். மூன்றில் முடிக்கக்கூடியதை நாலு வருடம் படிப்பது விளக்கம் குறைந்த பிள்ளைகள்தானே? விண்ணப்பத்தில் விருப்பத்தை ஒழுங்காக எழுதவேண்டுமாம். கிடைக்கும் என்று தெரிந்ததை முதலாவதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கரைவலைப் பாடு, முறை வைத்து வலை வளைக்கிறது, அதைப் போலத்தான் இதுவும் இருக்கும். உன் முறை வரும்போது வலையை வளைக்காமல் பெரிய மீனுக்குக் காத்திருந்தால், முறை அடுத்தவனுக்குப் போய்விடும். மாத்தறையை முதலாவதாகப் போட்டு அது கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணமும் போச்சு. அவள் அரைமனதோடு தலையாட்டினாள். நீ ஒரு சொல் எழுதினால் முழுமனதாகிவிடும். நீ சொன்னால் கேட்பாள்.

உன்னைத் தேடும்
அப்பா தோமஸ்

—

யாழ்ப்பாணம்
08.05.2025

என் அன்பு அப்பாவுக்கு,

யேசுவின் சமாதானம் உங்கள் இருவரோடும் இருக்கட்டும். உங்கள் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கடிதத்தை வாசித்துத்தான் சிரித்தேன், மடத்து மதர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

யதுசாவுக்கு என் முத்தம். எங்களுக்கு மாதத்தில் ஒரு கடிதம்தான் எழுதலாம். அதனால் அவளுக்கு எழுதிய தாளையும் இதற்குள் வைத்திருக்கிறேன். அதை அவளிடம் கொடுங்கள். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் ஒரு பெரிய பிழையை மிக அன்பாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

நாலு வருடம் படிப்பவர்கள் விளக்கம் குறைந்தவர்கள் இல்லை அப்பா. மூன்று வருடத்தில் முடிவது பொதுப் பட்டம். மூன்று பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பார்கள். நாலு வருடத்தில் முடிவது சிறப்புப் பட்டம். அதில் ஒன்றுக்குள் ஆழமாக இறங்குவார்கள். ஆராய்ச்சி, மேற்படிப்பு என்று போக நினைக்கும் பிள்ளைக்கு அந்த நாலாவது வருடம் பெரிய உதவி. யாழ்ப்பாணத்து உயிரியலில் முதலில் எல்லோரும் ஒன்றாகத்தான் தொடங்குவார்கள். நல்ல புள்ளி எடுப்பவர்களைத்தான் பிறகு சிறப்புக்கு எடுப்பார்கள், எல்லோருக்கும் கிடைக்காது. மாத்தறையில் அவள் கேட்பது முதல் நாளிலிருந்தே நாலு வருடப் பட்டம். இதைவிட, வைத்தியம், தாதியம் மாதிரி வேலையின் பெயரையே சுமந்துகொண்டு வரும் பட்டங்களும் உண்டு. பாடத்தின் பெயர் மட்டும் இருப்பதை எடுத்தால் வேலையை நாங்கள்தான் தேடிக்கொள்ளவேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். எது கிட்ட, எது கெதியாக முடியும் என்று மட்டும் பார்த்தால் போதாது.

முக்கியமானது இதுதான். விருப்ப ஒழுங்கு கரைவலைப் பாடு இல்லை அப்பா. முதலாவதாகப் போட்டது கிடைக்காவிட்டால் முறை போகாது. அடுத்ததைப் பார்ப்பார்கள், அதற்கடுத்ததைப் பார்ப்பார்கள். ஆனால் மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்தை முதலாவதாகப் போட்டு அது கிடைத்தால், மாத்தறைக்கு எடுபடக் கேட்கிற வெட்டுப்புள்ளிக்கு அவளுடைய புள்ளி போதும் என்றாலும் அவளுக்கு அது இல்லை. ஆகவே உண்மையாக விரும்புவது முதலில் இருக்கவேண்டும்.

எதை விரும்பவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது அவளுடையது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெறும் தேத்தண்ணியோடு கடலுக்குப் போகாதேயுங்கள்.

உங்கள் மகள்
யூலிற்றா

—

தீர்த்தக்கரை
15.05.2025

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். இந்தக் கிழமை சூடை மீன் நல்லாய்ப் பட்டது. எங்கள் கரை டினோஜன் தன் கலியாணத்துக்குச் சொல்லிவிட்டுப் போனான், பெண்ணுக்கு ஊர் பளையாம். கோவில் மணிக் கயிறு அறுந்து மாற்றினோம். பின்வளவு முருங்கை காற்றுக்கு முறிந்துவிட்டது, நீ நட்டதுதான், ஆனால் அடியில் துளிர்க்கிறது.

தாளைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். வாசித்தாள். யாழ்ப்பாணம்தான் முதலாவது என்று இருக்கிறாள். அவளை இனிக் குழப்பவேண்டாம். நீ செபத்தில் கவனமாயிரு.

அப்பா

—

யாழ்ப்பாணம்
21.05.2025

அன்பு அப்பாவுக்கு,

இந்த மாதத்துக்கான கடிதம் முடிந்துவிட்டது. மதரிடம் கெஞ்சி இதை எழுதுகிறேன். வீட்டில் என்ன அவசரம் என்று கேட்டா. என் அப்பா இரண்டு பந்தியில் கடிதம் முடித்திருக்கிறார், அதுதான் அவசரம் என்றேன். உடனே தாள் தந்தா.

யதுசா அந்தத் தாளை வாசித்திருந்தால் உங்கள் கடிதத்தின் ஓரத்திலாவது நாலு கேள்வி கிறுக்கியிருப்பாள். மூன்றாம் வகுப்பில் "மீன் நித்திரை கொள்ளுமா அக்கா" என்று கேட்டு என்னை ஒரு கிழமை படுத்தியவள் அவள். வாசித்துவிட்டுச் சும்மா இருந்தாள் என்பதை நான் எப்படி நம்ப?

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கம்பஸில் இரண்டாம் வருடம் எனக்குப் புவியியல் சிறப்புப் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. அம்மா கண்மூடி ஒரு வருடம் ஆகவில்லை. ஒவ்வொரு முறை நான் பஸ் ஏறும்போதும் "இன்னும் எவ்வளவு காலம் பிள்ளை" என்று கேட்பீர்கள். அதனால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பொதுப் பட்டத்தோடு மூன்று வருடத்தில் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் எவ்வளவு சந்தோசப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அதில் கவலை இல்லை என்று சொன்னால் அது பொய். கவலை இருந்தது. இப்போதும் வரைபடம் ஒன்றைக் கண்டால் நின்று பார்ப்பேன்.

மூன்று வருடத்தில் வந்தேன். வந்தும் உங்களோடு இருக்கவில்லையே அப்பா. மடத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் நீங்களே சூட்கேஸ் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அந்த அப்பாவுக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எப்போதும் உங்கள்
யூலிற்றா

—

தீர்த்தக்கரை
01.06.2025

என் மகள் யூலிற்றாவுக்கு,

உன் அப்பன் பொய் சொன்னான். தாளைக் கொடுக்கவில்லை. பங்குத்தந்தையிடம் நேற்றுப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் மனம் ஆறவில்லை.

உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கு கரையில் வலை வைக்கிற வாடியில் இருந்து வாசித்தேன். கரைவலைப் பாடு என்று நான் சொன்ன கதை பிழை என்று விளங்கிவிட்டது. விளங்கின பிறகும் தாளை மடித்து வாடிக் கூரையின் தென்னோலைக் கிடுகுக்குள் செருகினேன். தெரியாமல் செய்த பிழை அன்றைக்கு முடிந்துவிட்டது. பிறகு செய்தது தெரிந்தே செய்தது. மாத்தறைக்கு ஒரு பகல் முழுக்கப் பஸ். அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது, சிங்களமும் அரைகுறை. ஆனால் அதெல்லாம் நான் எனக்குச் சொன்ன சாட்டு. வீட்டில் ஒரு கோப்பையில் மட்டும் சோறு போட்டுத் தனியே சாப்பிட எனக்குப் பயம். அவ்வளவுதான் விசயம்.

உன் இரண்டாம் கடிதத்தில் புவியியல் என்ற இடத்துக்கு வந்ததும் மேலே வாசிக்க முடியவில்லை. வள்ளத்தின் முன் அணியத்தில் கன நேரம் இருந்தேன். ரூபன் வந்து "என்ன தோமசண்ணை, காய்ச்சலோ" என்று கேட்டான். ஓம் என்றேன். நீ வரைபடத்தைக் கண்டால் நிற்பாய் என்பது எனக்குத் தெரியாமல் போச்சே, பிள்ளை. என்னை மன்னித்துவிடு.

விண்ணப்ப முடிவுத் திகதி போன வெள்ளிக்கிழமை. புதன் பின்னேரம் கிடுகுக்குள் இருந்து தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். யதுசா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நீட்டினேன். கை கழுவிவிட்டு வாங்கினாள். விரிக்கவே இல்லை.

"அக்காட கடிதம். மூண்டு கிழமையா நான் ஒளிச்சு வச்சிருந்தனான்" என்றேன்.

"தெரியும் அப்பா" என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"அண்டைக்கு நீங்கள் கண்ணாடியை வாடியில விட்டிட்டு வந்தனீங்கள். எடுக்கப் போன இடத்தில கிடுகுக்குள்ள அக்காட எழுத்து தெரிஞ்சது. அப்பவே வாசிச்சிட்டன்."

"பிறகேன் யாழ்ப்பாணம் எண்டு இருந்தனி?"

"நீங்கள் தந்தா மாத்துவன். தராட்டி யாழ்ப்பாணம் போவன். அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

இதைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் மீன் வெட்டத் தொடங்கிவிட்டாள். நான் கதவடியில் நின்று அழுதேன் பிள்ளை. நான் தராமலே விட்டிருந்தால், ஒரு நாளும் வாய் திறந்திருக்கமாட்டாள். நீயும் அப்படித்தானே இருந்தாய். இரண்டு பேரும் அம்மாவின் குணத்தைக் கொண்டு பிறந்திருக்கிறீர்கள்.

வியாழன் கடலுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் முல்லைத்தீவு ரவுணுக்குப் போய் இன்ரநெற் கடையில் விண்ணப்பத்தை நிரப்பினோம். முதலாவது மாத்தறை. இரண்டாவது யாழ்ப்பாணம். மூன்றாவது அறிவியல்நகர் வளாகத்தில் விவசாயம். அடுத்தவை நினைவில்லை. அனுப்புகிற பொத்தானை என்னை அழுத்தச் சொன்னாள். பிழையாக அழுத்திவிடுவேன் என்று அவளையே அழுத்தச் சொன்னேன். கடைசியில் இரண்டு பேருமாய் அழுத்தினோம். கடைக்காரப் பெடியன் சிரித்தான்.

வெட்டுப்புள்ளி வர மாதக்கணக்கில் செல்லுமாம். கிடைக்குமோ தெரியாது. கிடைக்கவேண்டும் என்று நீ செபி. நானும் அதற்குத்தான் செபிக்கிறேன், நம்பு.

இன்னும் ஒன்று. கைநூலை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரைக்கும் யதுசாவைக் கொண்டு வாசிப்பித்துப் பார்த்தேன், அதில் இல்லை. நாலு வருடப் பட்டத்துக்கு இடையில் எத்தனை தரம் லீவு விடுவார்கள், ஒவ்வொரு தரமும் எத்தனை நாள் என்று உனக்குத் தெரிந்தால் அடுத்த கடிதத்தில் எழுது.

உன் பிழையான
அப்பா