முற்றிய கீரை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

இங்கே கடையில் தண்டுக்கீரை விதையைத் தானியமாக விற்கிறார்கள். ஆதிகாலத்தில் சிலருக்கு இதுதான் சோறாம். நேற்று காய்ந்த சட்டியில் போட்டுப் பொரித்தேன். மூடி வைக்கத் தோன்றவில்லை. அடுப்படி முழுக்கப் பொரி.

"டேய், குருவி வளர்க்கிறியா?" என்றான் அறைத்தோழன்.

"உன்னைத்தான்டா வளர்க்கிறேன். கிண்ணத்தை எடுத்துட்டு வா."

வெல்லம் கலந்து தின்றோம். ஒரே அறையில் இருந்தும் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

மாடித்தொட்டியில் கீரை பூத்துவிட்டால், "முத்திப்போச்சு, இனி எதுக்கு ஆகும்" என்று பிடுங்கிவிடாதே. விதை பிடிக்கட்டும். உதிர்த்துக் காயவைத்து எடுத்து வை.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் உனக்குப் பொரித்துத் தருகிறேன். சட்டியை மூடித்தான்.

உன் பிள்ளை