பழைய மாடிக்கே திரும்பும் புறாக்கள்

கார்த்திகை 2, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். இன்றைக்கு வேலை: சுல்தான் பாய் வீட்டு மாடியிலிருந்து புறாக்களை இறக்குவது.

வந்தவர்கள்: நான், பாய், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கும் அந்துவான் (வீதியில் எல்லோருக்கும் அவர் முசே), தட்டாஞ்சாவடி லேத்துப் பட்டறைச் செல்வம். வராதவர்கள்: குருசுக்குப்பத்து ஆட்கள். மழையாம். புறாப் பந்தய நாளில் மட்டும் அவர்களுக்கு மழை தெரியாது.

வீடு பாயின் தகப்பனார் கட்டியது. மர உத்திரம், மேலே செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம். நடு அறை உத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது. சினை மாட்டு வயிறு போலத் தொங்குகிறது தளம். ஒரு வருஷமாகக் கெஞ்சிப் பார்த்து, போன வாரம்தான் மகள் மும்தாஜ் அவரை லாஸ்பேட்டையில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். புறா வந்தால்தான் அங்கே தங்குவேன் என்று இவர் பிடிவாதம். அதனால்தான் இந்த வேலை.

மாடிப்படியில் முசே எனக்குப் பின்னால் வந்தபடி, "பாத்து ஏறுய்யா. நீ ஏர்றது பீரங்கி ஏர்ற மாதிரி இருக்கு."

"நீ பீரங்கிய பாத்திருக்கியா? சமையக்கட்டுல இருந்தேன்னுல்ல உங்க வீட்டம்மா சொன்னாங்க."

"சமையக்கட்டுலதான்யா குண்டு மொதல்ல விழும்."

டீ வந்தது. குடிக்கக் கீழே நின்றோம். மேலே பாய் நடக்க நடக்க கிளாசில் சுண்ணாம்பு உதிர்ந்தது. வெத்தலை இருந்தா கொடு, சுண்ணாம்பு ஆச்சு என்றார் முசே. சிரித்தோம். அப்புறம் ஒவ்வொருவராக வாசலுக்கு நகர்ந்துவிட்டோம். யாரும் யாரையும் வா என்று கூப்பிடவில்லை.

எல்லாம் ஹோமர் புறா. இந்த ஜாதி ஆளைத் தேடி வராது, பறக்கப் பழகின மாடியைத் தேடித்தான் வரும். வேறு வீட்டில் எத்தனை மாசம் அடைத்து வைத்தாலும், திறந்தால் பழைய மாடிக்கே போய் உட்காரும். புது வீட்டில் பொரிக்கும் குஞ்சுதான் புது வீட்டுக்குத் திரும்பும். ஆகவே கூடை மேல் கை வைத்து நாலு பேரும் பேசி வைத்தது: பெரிய புறாவைத் திறக்கக் கூடாது. குஞ்சு எடுத்து அதைப் பறக்கவிட வேண்டியது.

"அப்ப இதுங்களுக்கு ஆயுசுக்கும் ஜெயில்" என்றார் பாய்.

"உனக்குந்தான்யா. வேளாவேளைக்குச் சோறு வருதுல்ல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

கார்த்திகை 3, செவ்வாய்

மழை. முட்டி வலி. மருமகள் மிளகு ரசம். நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

சாயந்திரம் பஸ் பிடித்து லாஸ்பேட்டை. புதுக் கூண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மேலே தகரம். நாலு பேரும் கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து பேச்சு. செல்வம் செல்போனில் சினிமாப் பாட்டு அலற, புறா எல்லாம் கம்பியில் மோதியது. முசே அதைப் பிடுங்கிக் கம்புத் தீனி டப்பாவுக்குள் போட்டு மூடினார். உள்ளேயே பாடிக்கொண்டிருந்தது.

நெல்லூர்க்காரி மூலையில், எங்கள் பக்கம் பார்க்காமல். நெல்லூரில் விட்ட அன்றைக்கே, வல்லூறு கிழித்த இறக்கையோடு வீடு வந்து சேர்ந்த பெட்டை, அதனால் அந்தப் பெயர். இது யார் வழி என்று செல்வம் கேட்டான். சொன்னேன். முசே வீட்டுச் சிலேட்டு நிறச் சேவல், அதற்கு முன்னால் சின்னக்கடை ஜாபர் தந்த ஒற்றைக் கண் பெட்டை, அதற்கு முன்னால் கப்பலில் வந்த ஜோடி. எழுத்து எனக்கு ஐம்பதுக்கு மேல், பஸ் போர்டு படித்து வந்தது. அதற்கு முன்னால் எல்லாம் தலையில்தான் வைத்தேன். இன்னும் அங்கேயே இருக்கிறது.

பாய் கூண்டையே பார்த்துக்கொண்டு.

இறங்கும்போது படியில் மும்தாஜ் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அத்தாவ அந்த வூட்டுக்கு மட்டும் போவ வுட்டுடாதீங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"நான் பாத்துக்கிறேம்மா" என்றேன். சொல்லிவிட்டேன்.

கார்த்திகை 4, புதன்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

சாயந்திரம் செல்வம் வீட்டுக்கே வந்து நின்றான். முகம் சரியில்லை.

"பெரியப்பா, திட்டாதீங்க. காலைல பாய் குளிக்கப் போனப்ப ரெண்ட எடுத்துச் சாப்பாட்டுப் பையில போட்டுக்கினு போனேன். பட்டறை வாசல்ல வுட்டேன்."

"எதுக்குடா?"

"சும்மா. ஒருவேள லாஸ்பேட்டைக்கே போவுதான்னு பாக்கலாம்னு."

திட்டத்தான் வாய் திறந்தேன். வரவில்லை. புறா வைத்திருக்கிற எவனுக்கும் அந்தக் கை அரிப்பு உண்டு. எனக்கும் இருந்தது, நேற்று அங்கே உட்கார்ந்திருந்தபோதே.

எந்த ரெண்டு என்றேன். நெல்லூர்க்காரியும் ஒரு வெள்ளைவாலும்.

இருவரும் பாய் வீட்டு வீதிக்கு நடந்தோம். நினைத்தபடிதான். ரெண்டும் பழைய மாடிக் கைப்பிடிச் சுவரில், தளத்தில் தேங்கின தண்ணீரில் குளித்த இறக்கையை உதறிக்கொண்டு, எங்கேயும் போகாதது போல. பாய்க்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு. தன் புறாவில் ரெண்டு குறைந்தால் அவருக்குத் தெரியாதா. இருந்தாலும் அப்படித்தான் முடிவு.

கார்த்திகை 5, வியாழன்

வானம் மூடாக்கு. காற்றே இல்லை.

காலையில் எங்கள் வீதி வரைக்கும் விசில் கேட்டது. பாய் விசில்தான். ஓடினேன், ஓட முடிந்த அளவு. மேலே நிற்கிறார், டப்பாவைத் தட்டிக்கொண்டு.

"யோவ், எறங்கு."

"வந்துட்டேன், வந்துட்டேன். பாரு இவ கால. எவன்டா பையில வச்சி நசுக்குனது?"

"எறங்குன்னா எறங்குய்யா. புடிச்சிக்கினு எறங்கு."

"வர மாட்டேங்கறாய்யா. கைக்கு வராதவ இல்ல. கோவம்."

இறங்கி வந்தார், வெறுங்கையோடு. வீதிக் கதவைச் சாத்தப் பார்த்தோம். சாத்தவில்லை. நிலையே கோணிவிட்டது. போன வாரம் ஒரே தள்ளில் சாத்திய கதவு.

இதற்கு எதிரே இருந்த வீடு எனக்கு ஞாபகம் வந்தது. நான் மில்லில் சேர்ந்த வருஷம். அங்கேயும் முதலில் கதவுதான் சாத்தாமல் போனது. தச்சனைக் கூப்பிட்டு அடியில் இழைத்தார்கள். தச்சன் கூலி வாங்கிப் போன வாரத்திலேயே வீடு விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் பெயரும் தெரியும், இங்கே எழுதவில்லை. பாயும் அன்றைக்கு என்னோடு நின்று மண்ணை அள்ளியவர்தான்.

அதைச் சொன்னேன். "அது வேற வூடு" என்றார்.

கார்த்திகை 6, வெள்ளி

மத்தியானம் மும்தாஜ் போன். அழுகை. நேற்று சாயந்திரமே அத்தா கூண்டை முழுக்கத் திறந்துவிட்டாராம். நெல்லூர்க்காரியின் ஜோடிச் சேவல் தீனி தொடவில்லை, அது சாவதைப் பார்க்க முடியாது என்று. தொழுகை முடிந்து நேரே பழைய வீட்டுக்குப் போயிருக்கிறார்.

போய்ப் பார்த்தால் எல்லாம் மேலே. பாயும் மேலே. பாய் முகத்தில் இந்த ஒரு வாரம் இல்லாத வெளிச்சம். அதைப் பார்த்ததும்தான் நான் கத்தினேன், எறங்குய்யா என்று.

இறக்கிக் கொண்டுவந்து டீக்கடையில் கூட்டம். யோசனைகள்:

கதவுக்குச் சங்கிலி, பூட்டு. சாவி மும்தாஜிடம். (செல்வம்)

இருட்டினதும் மேலே போய்ப் பிடிப்பது. இருட்டில் புறாவுக்குக் கண் தெரியாது, தொட்டாலும் அசையாது. ஆனால் யார் போவது? (முசே கேட்டார், யாரும் கை தூக்கவில்லை.)

வெளியூரில் யாருக்காவது கொடுத்துவிடுவது. (நான். பாய் என்னைப் பார்த்த பார்வை.)

"என்னா பாய், நாங்க உங்க உசுருக்குப் பேசறோம், நீங்க புறாவுக்குப் பேசறீங்க" என்றான் செல்வம்.

"பையில வச்சவன் நீ பேசாத."

அவரிடம் முன்னமே ஒப்புக்கொண்டிருக்கிறான். தலை குனிந்துகொண்டான்.

பூட்டு போட்டாயிற்று. சங்கிலியைச் சுற்றும்போது உள்ளே எங்கேயோ மரம் முனகியது. நாலு பேருக்கும் கேட்டது. முசே சிலுவை போட்டுக்கொண்டார்.

கார்த்திகை 8, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை, மழைதான்.

இன்றும் கொட்டுகிறது. வீதியில் கணுக்கால் தண்ணீர். கறி வாங்கவில்லை. கருவாடு.

குடை பிடித்துப் போய்ப் பார்த்தேன். பாய் பூட்டிய வாசலில் நிற்கிறார், பஸ் ஏறி வந்து. கையில் கம்புத் தீனி. வீதியில் தூவியிருக்கிறார், தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. புறாக்கள் மேலிருந்து எட்டிப் பார்க்கின்றன. வீதிக்கு இறங்கிப் பழக்கமில்லை.

"ரெண்டு நாளா பட்டினிய்யா."

"அது போய் எங்கனா பொறுக்கிக்கும்."

"பொறுக்கித் தின்ற புறாவா இது?"

பஸ் ஏற்றி அனுப்பினேன். ஜன்னலில் கடைசி வரைக்கும் மேலேயே பார்த்துக்கொண்டு போனார்.

கார்த்திகை 9, திங்கள்

விழுந்துவிட்டது.

விடியற்காலை. லாரியில் ஜல்லி கொட்டினது போல ஒரு சத்தம், அப்புறம் மறுபடி மழைச் சத்தம் மட்டும். போனபோது நடு அறையும் முன் அறையும் வீதி வரைக்கும் மண்ணாக. மாடிப்படி இல்லை. புறாக்கூண்டு இல்லை. பின்சுவர் மட்டும் தனியாக, பிடிப்பில்லாமல் நிற்கிறது, ஊறிப்போய். உள்ளே யாரும் இல்லை. அதை எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

புறாக்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. மாடி இருந்த உயரத்திலேயே, மாடி இருந்த இடத்திலேயே. இறங்கப் பார்க்கும், தளம் இல்லை, மறுபடி ஏறும். ரொம்ப நேரம் அப்படி. பிறகு ஒவ்வொன்றாகப் பின்சுவர் உச்சியில் போய் உட்கார்ந்தன.

பாய் வந்தார். வீட்டைப் பார்க்கவில்லை. தகப்பனார் கட்டிய வீடு, பிள்ளை பெற்ற வீடு. சுவர் உச்சியையே பார்த்துக்கொண்டு, "எல்லாம் இருக்கு" என்றார்.

"நீயும் இருக்கியே, அதச் சொல்லு" என்றார் முசே.

மழைக்குப் பஸ் சரியாக இல்லை. ராத்திரி என் வீட்டிலேயே தங்கட்டும் என்று மகன் சொன்னான். தோசை சாப்பிட்டார். மும்தாஜ் போன் செய்தாள். "அங்கதான இருக்காரு?" "இங்கதாம்மா. என் கண்ணு முன்னாலதான்" என்றேன்.

சாப்பிட்டதும் கிட்டே வந்து உட்கார்ந்தார். மெதுவாகப் பேசினார், கணக்குச் சொல்வது போல.

"உங்கிட்ட மூங்கில் ஏணி இருந்துச்சில்ல?"

"எதுக்கு?"

"இருட்டுல அசையாதுய்யா. ஒண்ணொண்ணா எடுத்துக் கூடையில போட்டுடுவேன். அப்புறம் லாஸ்பேட்டைலயே வச்சிப் பூட்டிடறேன். ஆயுசுக்கும் தொறக்க மாட்டேன். மும்தாஜ் மேல சத்தியம். நீங்க சொன்னதத்தான் கேக்கறேன்."

"அந்தச் சுவரு நிக்காதுய்யா."

"ஒரு ராத்திரி நிக்கும்."

"ஏணி இல்ல. வெள்ளையடிக்க வாங்கிக்கினு போனவன் திருப்பித் தரல."

சரி என்று தலையாட்டினார். ஒரு வார்த்தை சண்டை பிடிக்கவில்லை. ஜமக்காளத்தைப் போட்டுப் படுத்துக்கொண்டார். சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏணி பின் சந்தில்தான் இருக்கிறது. சுவரோரம், தென்னை ஓலைக்குக் கீழே.

கார்த்திகை 10, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது.

எழுந்தபோது ஜமக்காளம் மடித்து வைத்திருந்தது. தலையணை மேல், ஓரம் பார்த்து, நன்றாக மடித்து. கோழிக்கூடை ஒன்று இல்லை. பின் சந்துக்குப் போனேன். ஓலை மட்டும் கிடக்கிறது.

மகன் ஓடியிருக்கிறான், மருமகளும் பின்னாலேயே. நீ வராத, வழுக்கும், வாசல்லியே உக்காரு என்றான். உட்கார்ந்திருக்கிறேன். கை சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

இங்கிருந்து அந்தப் பக்கத்து ஆகாயம் தெரிகிறது. புறாக்கள் எல்லாம் மேலே. ஒன்றுகூடக் கூடைக்குள் போகவில்லை. சுற்றுகின்றன. இறங்கப் பார்க்கின்றன, மறுபடி ஏறுகின்றன. பின்சுவர் இருந்தால் உட்கார்ந்திருக்கும்.

உள்ளே போன் அடிக்கிறது. மும்தாஜ்தான். நிற்கிறது, மறுபடி அடிக்கிறது. வீட்டில் எடுக்க வேறு ஆள் இல்லை. நான்தான் இருக்கிறேன்.