உன் வண்டிக்கு விலை பார்க்க வந்தார்கள்

என் கண்ணே மீனா,

உன் காரை விற்றுவிட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் எழுத வரும்.

வைட்ஃபீல்ட் வீட்டைக் காலி செய்து தரச் சொல்லிவிட்டார் ஓனர். நல்ல மனிதர்தான், நீ போன பிறகும் இத்தனை மாதம் பொறுத்துக்கொண்டார். உன் துணியும் பாத்திரமும் மர்பி டவுனில் நம் வீட்டுக்கு வந்துவிட்டன. கார் எப்படி வரும்? நம் சந்தில் ஆட்டோ திரும்புவதே பெரும்பாடு. தரையோடு தரையாக ஓடும் அந்த வண்டி முதல் மேட்டிலேயே அடி தட்டி நின்றுவிடும். நீயே மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடந்துதானே வருவாய்?

முதலில் வந்தவர் வினய். வெளிநாட்டுக் கார்களை வாங்கி விற்கிறவர். பார்க்கிங்கில் உறையை விலக்கியதும் அப்படியே நின்று பார்த்தார். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த சிவப்பு வண்டியாயிற்றே, யார்தான் நிற்க மாட்டார்கள்? பிறகு வேலையை ஆரம்பித்தார். சின்னக் கருவி ஒன்றைக் கதவிலும் பானட்டிலும் ஒற்றி ஒற்றிப் பெயின்டின் கனத்தைப் பார்த்தார். படுத்துக்கொண்டு டார்ச் அடித்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். உன்னை யாரோ பரிசோதிப்பது போல இருந்தது எனக்கு. தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

“வண்டி சூப்பரா வெச்சிருக்காங்க அங்கிள். அடிபடவே இல்ல. ஆனா ரெண்டு விஷயம் ரேட்டை இழுக்குது” என்றார். “ஒண்ணு, ரொம்ப ஓடியிருக்கு. இந்த மாதிரி வண்டிய ஜனங்க சண்டே சண்டே வெளிய எடுத்து, தொடைச்சு உள்ள வெப்பாங்க. இது பஸ் மாதிரி ஓடியிருக்கு.”

நகரப் பேருந்து ஓட்டியே ஓய்வு பெற்றவனிடம் சொல்கிறார், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

“இன்னொண்ணு?”

“லெஃப்ட் சீட். எல்லா வண்டிலயும் அது புதுசாட்டம் இருக்கும், யாரும் உக்கார மாட்டாங்க. இதுல டிரைவர் சீட்டை விட மோசமா கிழிஞ்சிருக்கு. யார் அங்கிள் உக்காந்தது?”

என்ன சொல்வது? மூட்டு வலியோடு அந்தப் பள்ளத்தில் இறங்குவதும், விளிம்பைப் பிடித்து எழுந்துகொள்வதும் நான்தான் என்றா? இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி எதற்கு என்று நான் கேட்டபோது, “நம்ம வீட்டுல ரெண்டு பேருதானேப்பா” என்றாய். அம்மா போனதிலிருந்து அதுதான் நம் கணக்கு. சனிக்கிழமை தவறாமல் வந்து என்னை ஏற்றிக்கொள்வாய். மல்லேஸ்வரத்தில் ஒரு காபிக்காக அத்தனை டிராஃபிக்கில் போவோம்.

பிறகு ஆஸ்பத்திரி. வாரா வாரம். கை நடுங்கும்போதும் சாவியைத் தரமாட்டாய். “வாசல் வரைக்கும் நானே ஓட்டுறேன்ப்பா. உள்ள போனா படுக்கச் சொல்லிடுவாங்க.” நான் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பது போல உன்னையே பார்த்துக்கொண்டு வருவேன். தெரியுமா உனக்கு?

வினய் நல்ல விலை சொன்னார். ஆனால் அதற்கு ஒரு வழியும் சொன்னார். “சீட்டை மாத்திடலாம். மீட்டரையும் கொஞ்சம் கொறச்சிடலாம். எல்லாரும் பண்றதுதான், தலை கெடுத்துக்க பேடா, கவலப்படாதீங்க அங்கிள்.”

“வேணாம் தம்பி” என்றேன். “வாங்குறவங்கள ஏமாத்துறது ஒண்ணு. அது மட்டுமில்ல, அது எம்பொண்ணு ஓட்டுனது. ஒரு கிலோமீட்டர் கூட கொறைக்க உடமாட்டேன்.”

அவர் சங்கடத்தோடு கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு பல நாள் யாரும் வரவில்லை. வண்டி விற்கும் வரை இருக்கச் சொன்னார் ஓனர்; உன் காலி வீட்டில் பாயை விரித்துக்கொண்டு நான் மட்டும். உன் குரல் கேட்ட சுவரெல்லாம் வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. காலையில் இறங்கிப்போய் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். அது ஒன்றுதான் அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த சத்தம்.

வாங்கியது ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும், பல் டாக்டர், சேலத்துக்காரர். அவரும் மீட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நான் மறைக்காமல் எல்லாம் சொன்னேன், ஆஸ்பத்திரி வரை.

“அப்ப தெனமும் ஓடுன வண்டிங்க இது. சும்மா நின்ன வண்டிய வாங்கத்தான் பயமா இருக்கும், ரப்பரெல்லாம் காஞ்சு போயிருக்கும்” என்றார். வினய் சொன்னதைவிடக் குறைத்துத்தான் கேட்டார். அது நியாயமான விலை என்று பட்டது. சீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஒருமுறை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான்.

கேட்டைத் தாண்டும்போது இரண்டாவது கியருக்குச் சரியாக மாற்றினார். பயப்படாதே, நன்றாக ஓட்டுகிறார். சத்தம் தேயும் வரை நின்றிருந்தேன். வாட்ச்மேன் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மெட்ரோவில் திரும்பினேன். பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார். “பசங்க எத்தன பேரு சார்?”

“ஒரே பொண்ணு.”

“என்ன பண்றாங்க?”

நான் இறங்க இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது மீனா. கதவு திறந்ததும் இறங்கிவிட்டேன். யாரையும் தெரியாத அந்த பிளாட்பாரத்தில் அடுத்த வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். இனி யாராவது கேட்டால் இறங்கிப் போக மாட்டேன். நீ யார், எப்படிச் சிரிப்பாய், எப்படிப் போனாய், எல்லாம் சொல்வேன். அவர்கள் இறங்குகிற இடம் வரும் வரை சொல்வேன்.

இப்படிக்கு,
மீனாவின் அப்பா