நாக்கில்லாத ஆளுக்கு ஒரு பேர்

ஹாலிஎல

அன்பு மகள் ஜெசீகாவுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையில் நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போன் எந்நேரமும் அப்பா கையிலேயே இருக்கிறது, அவர் காதுபட உன்னோடு இதைப் பேசவும் முடியாது, அதனால்தான் எழுதி, கடை றிப்னாவின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

வெற்றிலை போட்டு வந்த புற்றுக்கு நாக்கை எடுத்ததிலிருந்து அப்பா ஒரு சத்தமும் போடவில்லை என்று உனக்குத் தெரியும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் நின்று பேர் கூப்பிட்டால் மேல்மலை வரை கேட்ட குரல் அம்மாடி. சுவரைப் பார்த்துப் படுத்தார், கஞ்சியைத் தள்ளிவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கதிர் சிகிச்சைக்குக் கூப்பிட்டால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நீ கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனிக்காகச் செய்கிற பாஷையை அனுப்பினாய். பாறைக்குள் வாழ்கிற பிராணிகள், நாக்கு கிடையாது, உதடும் தொண்டையும் மட்டுந்தான், அதுக்கு ஏத்த சத்தமாப் பொறுக்கி நானே பேசிக் குரலைத் தடிக்க வச்சேம்மா என்றாயே, அது. அடுப்படியில் நின்று போட்டுக் கேட்டேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். போனைக் காட்டி, தன் வாயைக் காட்டி, யார் என்று கையை விரித்தார். அந்த ஆளுக்கும் நாக்கை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்து, அது பிராணிங்க, புள்ளைங்க விளையாட்டுக்கு நம்ம மக செஞ்சதுங்க என்று சொல்ல எனக்கு வாய் வருமா? ஆமாங்க, மக இருக்கிற ஊர்ல ஒரு ஆளுங்க என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குத்தான் அப்பா வாய் திறந்தார். ஒரு ம், ஒரு ப், அப்புறம் தொண்டைக்குள் ஒரு கரகரப்பு. கஞ்சியும் குடித்தார். உனக்கு வந்திருக்கிற அந்த விளங்காத வொய்ஸ் எல்லாம் கை தவறிப் போனவை இல்லை, அப்பா அந்த ஆளுக்குச் சொன்ன பதில். திருப்பி ஒன்றும் வராததால் பழையதையே போட்டுப் போட்டுக் கேட்கிறார். நேற்று வைத்த கஞ்சி அப்படியே கிடந்தது. அந்த ஆள் செத்துப்போனானா என்று கழுத்தைச் சாய்த்துக் காட்டி என்னைக் கேட்கிறார்.

வருகிற திங்கட்கிழமையும் அப்பா சிகிச்சைக்கு வராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் காலைப் பிடிக்கிறேன், மற்ற வேலையை ஓரமாக வை. அப்பா அனுப்பியதில் என்னென்ன சத்தம் வருகிறது என்று கேட்டு, அதைக் கொண்டே அந்த ஆளைப் பேச வை. நான் சாப்பிடுகிறேன், ஆஸ்பத்திரிக்கும் போகிறேன் என்கிறான் என்று அர்த்தத்தை இங்கே நான் சொல்லிக்கொள்கிறேன். பொய்தான். பாவமென்று ஃபாதர் சொன்னால் அது என் தலையில் இருக்கட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். இன்னொன்று, மறந்துவிடாதே. வீடு வீடாகப் போகிற மாதா சுரூபம் ஞாயிற்றுக்கிழமை நம் லயத்து வீடுகளுக்கு வருகிறது. கதவைப் பூட்டு, ஒருத்தரும் வர வேண்டாம் என்று போன வாரம் வரை கை காட்டிய மனுசன், இப்போது செபமாலையில் அந்த ஆளுக்காகத் தானே வேண்டப் போகிறாராம். பேர் என்ன என்று கேட்கிறார். ஒரு பேர் வைத்து அனுப்பு. அப்பா வாயில் வருகிற பேராகப் பார்த்து வை.

உன் அம்மா
பவுலினா