வேலியோரத்து இலையும் அப்பாவின் மாத்திரையும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், பூனை சுகம், எதிர்வீட்டு வக்கீலம்மா தேவைக்கு மேலேயே சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உங்கப்பாவை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க முடியாமல் முழிக்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் காசநோய்க் கிருமியை மூலிகை கொல்லுமா என்று சோதிக்கிறோமே, இத்தனை நாளும் எந்தச் சாற்றை ஊற்றினாலும் அது கும்மாளம்தான் போட்டது. போன மாதம், நம் வேலியோரம் மண்டிக் கிடக்கிறதே அந்தக் கசப்பு இலை, அதன் சாறு ஊற்றிய குழாயில் மட்டும் ஒன்றும் வளரவில்லை. என் வாய் சும்மா இருந்ததா? செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்கப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். மனிதர் மறுநாளே இலையைப் பறித்துக் கஷாயம் காய்ச்சிவிட்டார். காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் தின்று சலித்தவருக்கு வேலியிலேயே விடுதலை! என் எதிரில் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுபோய்த் துப்புவார். எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறாயா? அந்த மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். உங்கப்பா என்றைக்குக் கக்கூஸில் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்! ஆரஞ்சு நிறம் காணாமல் போனதை அந்தச் சோம்பேறித்தனமே காட்டிக்கொடுத்தது. குழாய்க்குள் கொல்வது வேறு, நெஞ்சுக்குள் கொல்வது வேறு, பினாயில் ஊற்றினாலும்தான் கிருமி சாகும், குடிப்பீர்களா என்றேன். பினாயில் நம் வேலியில் முளைக்கவில்லையே என்றார். மாத்திரையைப் பாதியில் விட்டால் அப்புறம் கிருமி எந்த மாத்திரைக்கும் மசியாது என்று கத்தினேன். இலை கொல்லுது என்று நீதானே சொன்னாய் என்கிறார். சொன்னேனே! இல்லை என்றால் ஆய்வகத்தில் பொய், ஆமாம் என்றால் வீட்டில் ஆபத்து. இரண்டு கதவுக்கும் நானே தாழ்ப்பாள் போட்டுவிட்டு நடுவில் நிற்கிறேன்.

போன வாரம் அவர் சளியையும் சோதனைக்குக் கொடுத்தேன். அதில் கிருமி இருந்தால் வளர்ந்து தெரிய வாரக்கணக்காகும், அவ்வளவு மந்தமான சனியன். கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியில் மேல்தட்டில் இலைச்சாறு, கீழ்த்தட்டில் உங்கப்பா. கதவைத் திறந்ததும் எல்லோரும் மேலே பார்த்துப் பூரிக்கிறார்கள், நான் குனிந்து கீழே பார்க்கிறேன். இன்றைக்கு ஒரு புள்ளி தெரிந்து உயிரே போய்விட்டது, பார்த்தால் என் மூக்குக்கண்ணாடி அழுக்கு.

என் பேச்சு இனி எடுபடாது. உன் பேச்சைத்தான் தட்டமாட்டார். தினமும் காலையில் வீடியோவில் கூப்பிட்டு, உன் கண்முன்னால் முழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல். சின்ன வயதில் உனக்கு மருந்து கொடுத்துவிட்டு அவர் அப்படித்தான் பார்ப்பார். நிறத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நோய்நொடி உன் தெருப்பக்கமே எட்டிப் பார்க்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும். கீழ்த்தட்டில் உங்கப்பா குழாயில் ஏதாவது வளர்ந்தால் முதலில் பார்க்கப்போவது நான்தான், அதற்குள் கூப்பிடு, கண்ணு.

கீழ்த்தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா